ஹைப்ரிட் கார் அடிக்கடி ஜம்ப் ஸ்டார்ட் கேட்பது குறித்துப் புகார்

பெறுநர்: தலைமை அதிகாரி அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 12 வோல்ட் பேட்டரி தொடர்ந்து இறங்குவதும், சர்வீஸ் சென்டரில் முறையான சோதனை மறுக்கப்பட்டதும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஹைப்ரிட் காரை நம்பி வாங்கியவன் நான். வாரண்டி இன்னும் முடியாத அந்தக் காரை ஓரிரு நாள் நிறுத்தி வைத்தாலே 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போய்விடுகிறது. பிறகு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்காமல், அதாவது வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் தராமல், அது உயிர் பெறுவதில்லை. உதவி எண்ணிலும் சர்வீஸ் சென்டரிலும் இதையே சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன நிலையில், இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உங்கள் காரின் அமைப்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எஞ்சினைச் சுழற்றுவது உயர் மின்னழுத்த பேட்டரியும் அதனோடு சேர்ந்த மோட்டாரும்தான் என்பதும், கணினிகளை எழுப்பி, அந்தப் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் என்ற மின் சுவிட்சுகளை மூடுவதற்கு மட்டுமே சிறிய 12 வோல்ட் பேட்டரி தேவைப்படுகிறது என்பதும் நீங்கள் அறிந்தவையே. அப்படியிருக்க, உங்கள் உதவி எண்ணில் பேசியவர், சாதாரணக் காரில் எஞ்சினால் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார். இந்தக் காரில் ஆல்டர்னேட்டரே இல்லை, அதன் வேலையை, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சிறிய பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது என்று வாங்கியவன் எடுத்துச் சொல்ல, விற்றவர் தரப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

நடப்பது இதுதான். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால், கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வருவதில்லை. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் மின்னி அணைகின்றன. பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்ட நாட்களில் ரிமோட்டும் வேலை செய்யாமல், அதனுள் இருக்கும் சிறு சாவியால்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. கார் 'ரெடி' நிலையில் இருக்கும்போது மல்டிமீட்டரில் 14.1 வோல்ட் காட்டுகிறது. ஆகவே கன்வெர்ட்டர் சார்ஜ் செய்யத்தான் செய்கிறது. இரவில் அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட், அதாவது ஏறக்குறைய முழுச் சார்ஜ்; மறுநாள் காலையில் 11.8-க்கும் கீழே, அதாவது ஏறக்குறைய காலி. சார்ஜ் ஏறுகிறது, நின்றிருக்கும்போது ஏதோ ஒன்று அதைக் குடித்துவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? காரில் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய கருவி எதுவும் கிடையாது. சாவியும் காரிலிருந்து வெகுதூரத்தில்தான் வைக்கப்படுகிறது.

இதை உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் பணிவுடன்தான் சொன்னேன். அவர் என் குறிப்பைக் கையில்கூட வாங்கவில்லை. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தினமும் ஓட்டத் தெரியாதவர்கள் ஹைப்ரிட் வாங்கக்கூடாது" என்று மற்ற வாடிக்கையாளர்கள் காதுபடச் சொன்னார். காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு முழு நாள் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்த ஒருவனிடம் பேசும் பேச்சா அது? அன்று மாலை ஜாப் கார்டில் "குறை ஏதும் தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். வந்தவுடனே பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டால் குறை எப்படித் தென்படும்? அதற்கு முன்பே ஒரு முறை புது பேட்டரி மாற்றித் தந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதுவும் சில வாரங்களில் இதே கதிக்கு வந்தது. ஓட்டைத் தொட்டியில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதைப் பழுது பார்ப்பது என்று நான் ஏற்க மாட்டேன். அந்த அட்வைசர் சொன்ன சொல் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கணக்கும் எளிதானதே. உறங்கும் நிலையில் ஒரு காரின் மின் நுகர்வு சாதாரணமாக 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். அந்த அளவில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதும் தீர 900 மணி நேரம், அதாவது ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். அதுவே அரை ஆம்பியர் கசிந்தால் 90 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஏற்கெனவே பலமுறை அடியோடு இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து வலுவிழந்த பேட்டரி அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. தகவல் தொடர்பு மாட்யூலோ வேறொரு கட்டுப்பாட்டுக் கருவியோ உறங்காமல் விழித்திருக்கிறது என்பது என் சந்தேகம். அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் பயிற்சியும் உங்களிடம்தான் இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். காரை ஓர் இரவு முழுவதும் வைத்துக்கொண்டு, கதவுகளைப் பூட்டி, சாவியை அப்பால் வைத்து, எல்லா மாட்யூல்களும் உறங்கும் வரை காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பில் கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் உறங்கிய மாட்யூல்கள் மீண்டும் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஒவ்வொரு ஃபியூஸின் மீதும் மின்னழுத்த வீழ்ச்சியைப் பார்த்து எந்தச் சுற்று என்று கண்டறிய வேண்டும். அளவீடுகள் அனைத்தும் ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். பழுதான பாகத்தை வாரண்டியில் மாற்றுவதோடு, சீரழிந்த பேட்டரிக்குப் பதிலாக உங்கள் கையேடு குறிப்பிடும் அதே வகைப் புதிய பேட்டரியும் தரப்பட வேண்டும். இழுவை வண்டிச் செலவையும் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் காரால் என் தொழிலே நிலைகுலைந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு ஓரிடத்துக்கும் போக முடியாதவன் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது; வீட்டில் உள்ளவர்கள் அவசரத்துக்குக்கூட இந்த வண்டியை நம்புவதில்லை. இந்த இழப்புக்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. இதைச் சுமுகமாக முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், பொறுப்புள்ள தொழில்நுட்ப அதிகாரி ஒருவரிடமிருந்து சோதனைக்கான தேதியோடு எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், ஜாப் கார்டுகள், மல்டிமீட்டர் அளவீடுகளின் படங்கள், உதவி எண்ணுடன் பேசிய அழைப்பு விவரங்கள் அனைத்துடனும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடுவேன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற தானியங்கிக் குறுஞ்செய்தியைப் பதிலாகக் கருத மாட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள், இழுவை வண்டி ரசீது, மின்னழுத்த அளவீடுகளின் படங்கள்.