பேரனுக்குப் பெயர்: கதிரவனுக்கு அப்பா எழுதுவது

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கதிரவா,

குழந்தை பிறந்து இன்றோடு ஒன்பது நாள். மலரும் குழந்தையும் கும்பகோணத்தில் நலமாக இருக்கிறார்கள். "பேரை மெதுவா யோசிக்கலாமேப்பா" என்று நேற்று போனில் சொன்னாய். மெதுவாகவே யோசி. ஆனால் பெயரை முடிவு செய்துவிட்டு, அதை எப்படி எழுதுவது என்பதை ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்புகிறவர் கையில் விட்டுவிடாதே. பெயரும் அதன் எழுத்தும் ஒரே நாளில், ஒரே தாளில், தமிழிலும் இங்கிலீஷிலும் முடிவாக வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

முதலில் நாள் கணக்கு. குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள். நீ புனேயில் இருந்தாலும் சான்றிதழ் கும்பகோணம் மாநகராட்சியிலிருந்துதான் வரும். பிறந்த 21 நாளுக்குள் ஆஸ்பத்திரியே பதிவாளருக்குத் தெரிவித்துவிடும். அந்தப் படிவத்தில் குழந்தையின் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம், தவறில்லை. பெயரில்லாமலே பிறப்பு பதிவாகும். பிறகு 12 மாதத்துக்குள் நீங்கள் எழுதிக் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்ப்பார்கள். அதைத் தவறவிட்டால் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அரைகுறையாக முடிவு செய்த பெயரை அவசரமாக எழுதுவதைவிட வெற்றுக் கட்டம் எவ்வளவோ மேல். பெயர் ஒரு முறை ஏறிவிட்டால் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கே விண்ணப்பம், ஆதாரம் என்று அலைய வேண்டும். பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் முன்பைவிடப் பெரிய விஷயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாளிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்த காலம் போய்விட்டது. அதில் என்ன எழுத்து இருக்கிறதோ அதுதான் அவன் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

இனி நட்சத்திரம். உங்கள் அம்மாவும் சம்பந்தியம்மாவும் சதயம் மூன்றாம் பாதத்துக்கு 'சி' என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 27 நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பஞ்சாங்கத்தில் இருக்கும் பட்டியல் அது. சதயத்துக்கு கோ, ச, சி, சு. ஒரு பாதத்தைச் சந்திரன் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில நேரம் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும் என்பதால், பிறந்த நேரம் பாதத்தின் ஓரத்தில் விழுந்தால் இரண்டும் இரண்டு எழுத்தைச் சொல்லும். நம் குழந்தைக்கு இரண்டிலும் மூன்றாம் பாதமே வருகிறது, பார்த்துவிட்டேன்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். அது வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. 'கோ' என்ற எழுத்து புனர்பூசத்திலும் இருக்கும், சதயத்திலும் இருக்கும். அங்கே அவை இரண்டு வேறு ஒலிகள். கோகிலா என்னும்போது வரும் கோ புனர்பூசத்துக்கு, கோபால் என்னும்போது வரும் கோ சதயத்துக்கு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சதயத்துப் பிள்ளைக்குக் கோவேந்தன் என்று வைத்துவிட்டு எழுத்துப் பொருத்தம் பார்த்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டியல்படி அது புனர்பூசத்து ஒலி. திருவாதிரைக்கு ங, அஸ்தத்துக்கு ண, ஆயில்யத்துக்கு டி, டு என்றெல்லாம் வருகிறதே, அந்த எழுத்துகளில் தமிழ்ப் பெயர் தொடங்கவே தொடங்காது. ஆகவே எழுத்து பொருந்தினால் சரி, அதற்காக நல்ல பெயரை விட வேண்டாம் என்பது என் கருத்து. ஐப்பசி சதயத்தில் பிறந்தவன் என்று நம் பெரிய கோயிலில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோமே, அந்த ராஜராஜனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அருண்மொழி.

நீ அனுப்பிய ஐந்து பெயர்களையும் உட்கார்ந்து பார்த்தேன். பாரி, மாறன், செழியன், இனியன், சிபி. ஐந்தும் நல்ல பெயர்தான். ஆனால் பிள்ளை வளரப்போவது புனேயில். அங்கே அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று பார்க்காமல் வைக்கக் கூடாது. பறம்பு மலைத் தலைவன் பாரி நமக்குக் கொடைக்கு ஒரு பெயர். இந்தியிலும் மராத்தியிலும் 'பரி' என்றால் தேவதை, பெண் குழந்தைகளுக்கு வைப்பது. இங்கிலீஷில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். மாறன் இன்னும் சங்கடம். எம்-ஏ-ஆர்-ஏ-என் என்று எழுதினால் அங்கே 'மரண்' என்று படிப்பார்கள், சாவு என்று பொருள். முதல் ஏ-யை இரட்டித்தால் ஓரளவு தப்பிக்கலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புது ஆசிரியர் வரும்போது பிள்ளைதான் திருத்திச் சொல்ல வேண்டும்.

செழியன் எனக்குப் பிடித்த பெயர். அதில் சிக்கல் எழுத்துக்கூட்டல்தான். சி-எச் போட்டுத் தொடங்குபவர்கள் உண்டு, எஸ் போடுபவர்களும் உண்டு. ழகரத்துக்கு இசட்-எச் போடுவார்கள், எல் போடுவார்கள். 'யன்' என்பதற்கு ஒய் சேர்ப்பார்கள், சேர்க்காமலும் விடுவார்கள். இரண்டு, இரண்டு, இரண்டு; ஒரே பெயருக்கு எட்டு வகை ஆகிவிட்டது. இசட்-எச் என்பதைத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வெளியே யாரும் ழ என்று படிக்க மாட்டார்கள், 'செசியன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனியனைக் கூப்பிட்டுப் பார். னகரத்தில் முடியும் ஆண் பெயர் விளியில் நீண்டுவிடும்: கபிலன் கபிலா ஆவான், மாறன் மாறா ஆவான். இனியன் 'இனியா' ஆகும்போது அது அப்படியே ஒரு பெண் பெயர். வீட்டுக்குள் இது ஒரு குறையே இல்லை, ஆனாலும் தெரிந்து வைப்பது நல்லது.

சிபிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. இரண்டே எழுத்து; கூப்பிடும்போதும் மாறாது, தெருக்கோடியிலிருந்து கத்தினாலும் கேட்கும். பாதத்து எழுத்தும் அமைகிறது. பருந்துக்குப் பயந்து வந்த புறாவைக் காக்கத் தன் தசையை அறுத்துத் துலாத்தில் வைத்தவன் கதை இந்தியா முழுக்கத் தெரியும், யாரும் பொருள் கேட்க மாட்டார்கள். சோழர்கள் தங்களை அவன் வழியினராகச் சொல்லிக்கொண்டார்கள். பறவையின் துயர் தீர்த்த செம்பியன் மரபில் வந்தவனே என்று புறநானூறு சோழனை விளிக்கிறது. தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சிபியிலும் கவனம் தேவை. ஒரு ப் கூடினால் 'சிப்பி' ஆகிவிடும். தமிழ்த் தட்டச்சில் இது சுலபமாக நடக்கும் பிழை, பதிவேட்டுப் பிரதியைக் கையில் வாங்கும்போது இந்த ஓர் இடத்தை விரல் வைத்துப் பார். இங்கிலீஷில் எஸ்-ஐ-பி-ஐ என்று எழுதுபவர்களும் உண்டு, சி-யில் தொடங்குபவர்களும் உண்டு, கேரளத்தில் ஒய்-யில் முடிப்பவர்களும் உண்டு. சமஸ்கிருதத்தில் அது 'ஷிபி'க்குப் பக்கத்தில் ஒலிக்கும் என்பதால் புனேயில் எஸ்-எச் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எஸ்-ஐ-பி-ஐ போதும், யாரும் வேறு மாதிரி படிக்க முடியாது. எண் கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டுவதில் உனக்கு நம்பிக்கை இருந்தால் பதிவுக்கு முன்பே பார்த்துவிடு. சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் மூன்றாவது என்று ஓர் எழுத்து கூடிக் குறைந்து நிற்கும் பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கையிலும் பாஸ்போர்ட்டிலும் படும் பாட்டுக்கு, பின்னால் சேர்த்த அந்த ஒற்றை எழுத்துதான் பெரும்பாலும் காரணம்.

அடுத்தது தலைப்பெழுத்து. இங்கே 'க. சிபி' என்றால் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாஸ்போர்ட்டிலும் பான் கார்டிலும் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்ற குறிப்புதான் முதற்பெயராக அச்சாகும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்ததும் பலர் திண்டாடினார்கள். ஆகவே சான்றிதழிலேயே 'சிபி கதிரவன்' என்று முழுதாகப் போட்டுவிடு. மராட்டியப் படிவங்களில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். அங்கே சான்றிதழ் நகலைக் காட்டி, கதிரவன் என்பதைக் கடைசிக் கட்டத்தில் போடச் சொல். அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று சாதிப் பெயரை எடுத்து ஒட்டிவிடாதே. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டு, தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கழற்றி வைத்தது அது. ஒரு படிவத்தின் வசதிக்காக அவன் பெயரில் அது திரும்ப ஏறக் கூடாது.

மலரின் பெயரும் சேர வேண்டும் என்று நீங்கள் இருவரும் நினைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான், 'ம. க. சிபி' நன்றாகவே இருக்கிறது. நீளத்தை மட்டும் எண்ணிக்கொள். பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியில் பெயருக்கு 39 இடம். கதிரவன் 10, மலர்விழி 10, சிபி 4, நடுவே குறிகளுக்கு 3, ஆக 27. தாராளமாக அடங்கும். மலர்விழியின் ழகரத்தை அவள் ஆதாரில் இருக்கிறபடியே போடு, இதற்கென்று புதிதாக ஒரு கூட்டல் வேண்டாம்.

அதைச் சொல்லும்போதே இன்னொன்று. பிள்ளை பெயரில் காட்டும் கவனத்தைப் பெற்றோர் பெயரில் காட்டாமல் விடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. பாஸ்போர்ட்டில் நீ 'கதிரவன் செல்வராசு', ஆஸ்பத்திரிச் சீட்டில் 'எஸ். கதிரவன்'. சான்றிதழில் எது ஏறும்? சீட்டில் இருப்பதுதான். பிறகு குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அப்பா வேறு ஆள் போலத் தெரியும். உங்கள் இருவர் ஆதார் நகலையும் சம்பந்தியிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைப் பார்த்து எழுதச் சொல். மலரின் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண், 12 இலக்கம், பேறுகால அட்டையில் இருக்கிறது, அதையும் கேட்பார்கள்.

என் பெயரை வைக்க வேண்டும் என்று உன் அத்தை சொல்கிறாள். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று சொல்லிலேயே இருக்கிறது, அவள் கேட்பதில் பிழை இல்லை. ஆனால் எனக்கு அந்த எதிர்பார்ப்பு கிடையாது. உன் பாஸ்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது, அவன் பெயரில் உன் பெயர் இருக்கப்போகிறது. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பதினாறாம் நாள் தொட்டில் போடுவதாக முடிவு. பெரிய தாம்பாளத்தில் ஒரு படி பச்சரிசியைப் பரப்பி அதில் நீ விரலால் பெயரை எழுத வேண்டும். பிறகு அத்தை முறையில் இருப்பவள் குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொல்வாள். நாக்கில் தேன் தொட்டு வைக்க யாராவது வருவார்கள், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் கிருமி குடலில் வளர்ந்து நஞ்சாகும், மூச்சே தடைபடலாம். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க மலர் தாய்ப்பாலையே ஒரு சொட்டு வைக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வெள்ளைத் தாளில் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷ் பெரிய எழுத்திலும் எழுதி, கீழே நீ கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. அதை அச்சடித்து மலர் கையெழுத்துக்குச் சம்பந்தி எடுத்துப் போவார். அதை அப்படியே படிவத்தோடு இணைத்துக் கொடுத்துவிடலாம். தொட்டிலுக்கு அம்மா பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள். வியாழன் இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா?

அன்புடன்,
அப்பா