சுகம் என்றொரு குடும்பப் பெயர்

புனோம் பென், கம்போடியா

அன்புள்ள செல்வா,

இங்கே நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? பேத்தி பிறந்த செய்தி கிடைத்த அன்று எங்கள் தையல் பிரிவு முழுக்க இனிப்பு கொடுத்தேன். என் நண்பன் தாத்தா ஆகிவிட்டான் என்று இந்த நாட்டு மொழியான கெமரில் எனக்குத் தெரிந்த அரைகுறையாகச் சொன்னேன். எல்லோரும் கை கூப்பி வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தை இப்போது உனக்கு அனுப்புகிறேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பின்னால் பாஸ்போர்ட், விசா என்று அலைய வேண்டாம், குழந்தைக்கு இப்போதே ஒரு குடும்பப் பெயர் சேர்த்துப் பதிந்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று. அதற்குப் பதில் யோசித்தபோது இந்த ஊர்ப் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே வந்த புதிதில் என் அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் அச்சாகியிருந்தது. கெமர் வழக்கில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் அடுத்து வரும். கூப்பிடுவது சொந்தப் பெயரைச் சொல்லித்தான். அதனால் எல்லோரும் என்னை அப்பா பெயரில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பா போய் அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. திருத்தலாம் என்று வாயெடுப்பேன், மனசு வராது. நாள் முழுக்க யாராவது அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது. இன்னமும் அந்தப் பெயர்தான் எனக்கு.

அப்புறம் சம்பளப் பட்டியல் என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சொக், சொக், சொக். ஒரே ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு பெண்களிடம் நீங்கள் அக்கா தங்கையா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஒருவர் தாக்கேவ் மாகாணம், இன்னொருவர் பட்டாம்பாங். நாட்டின் இரு கோடி. கம்போடியாவில் மிகப் பரவலாக இருக்கும் குடும்பப் பெயர்களில் சொக்கும் ஒன்று. அதை வைத்துக் குலமோ சாதியோ சொந்த ஊரோ சொல்ல முடியாது. மறைந்த துணைப் பிரதமர் சொக் ஆன் பெயரிலும் அதே சொக்தான், எங்கள் துணி வெட்டும் பிரிவுத் தம்பியின் பெயரிலும் அதே சொக்தான்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, செல்வா. சுகம்! சமஸ்கிருதத்திலும் பாலியிலும் இருக்கும் அதே 'சுக'. எழுத்தைக் கூட்டினால் ச, உகரம், க என்றுதான் இருக்கும். கெமர் உச்சரிப்பில் அந்த உகரம் ஒகரமாக மாறி, கடைசி எழுத்து மெய்யாக நின்று, சொக் என்று கேட்கிறது. ஒகரத்தைக் குறிலாகவே சொல். நீட்டினால் நம் காதில் சோகம் என்று விழும், பொருளே தலைகீழாகிவிடும். அந்த எழுத்துகளின் மூலமே நம் பல்லவர் காலத்து எழுத்துதான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கெமர் மொழி வேறு குடும்பம், நம் மொழிக்கு உறவில்லை. ஆனால் வடசொற்கள் அங்கேயும் போயின, இங்கேயும் வந்தன. நாம் சௌக்கியமா என்று கேட்கிறோம். இவர்கள் 'சொக் சபாய் சியா தே' என்று கேட்கிறார்கள். நாம் சுகாதாரத் துறை என்கிறோம். இவர்கள் அதே சுகத்தோடு காப்பது என்ற சொல்லைச் சேர்த்து 'சொக்காபிபால்' என்கிறார்கள். இன்னொன்று பார், அந்த நலம் விசாரிப்பில் வருகிற 'சியா'வும் ஒரு பெரிய குடும்பப் பெயர். நோய் தீர்ந்து தேறுவது என்ற பொருள் அதற்கு உண்டு. மியாஸ் என்றால் பொன், ப்ராக் என்றால் வெள்ளி, பிச் என்றால் வைரம். லிம் போன்றவை சீனக் குடும்பங்களின் வழியாக வந்தவை.

இவ்வளவு பேருக்கு எப்படி ஒரே குடும்பப் பெயர்? சாதாரண கெமர் குடும்பங்களில் அந்தக் காலத்தில் வழிவழியாக வரும் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் அல்லது தாத்தாவின் சொந்தப் பெயரை முன்னால் வைத்துக்கொள்வார்கள். நம் இனிஷியல் மாதிரியேதான், முழுப் பெயராக வைப்பது மட்டும் வித்தியாசம். 1863 முதல் 1953 வரை பிரெஞ்சுக்காரர்கள் பிடியில் நாடு இருந்தது. அவர்களுடைய பதிவேடுகளுக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. எந்தத் தலைமுறையில் எழுதினார்களோ, அந்தத் தலைமுறையின் பெயர் பல குடும்பங்களில் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை சுகமாக இருக்கட்டும் என்று சொக் என்று பெயர் வைத்த பெற்றோர்கள் நாடெங்கும் இருந்தார்கள். ஆக, ஒவ்வொரு சொக் குடும்பத்துக்கும் பின்னால் சுகம் என்று பெயர் கொண்ட யாரோ ஒரு தாத்தா இருந்திருக்க வேண்டும். ராஜ வம்சத்திலும் இதே கதைதான். 1860 முதல் 1904 வரை ஆண்ட மன்னர் நரோத்தம் என்பவரின் பெயர், அதாவது நரோத்தமன், அவருடைய சந்ததிக்குக் குடும்பப் பெயரானது. நமக்குத் தெரிந்த மன்னர் சிஹானுக்கின் முழுப் பெயர் நரோத்தம் சிஹானுக். பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனாலும் இங்கே பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது எங்கள் மேற்பார்வையாளர் அக்காவைப் பற்றி. 'போங்' என்று கூப்பிடுவேன், மூத்தவர் என்று பொருள். அவரும் சொக்தான். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை இந்த நகரத்துக்குள் நுழைந்து எல்லோரையும் வெளியே விரட்டியபோது அவருக்கு ஐந்து வயது. 1979 ஜனவரி 7 வரை அந்த ஆட்சி. 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் செத்தார்கள். படித்தவர், அரசாங்க வேலை பார்த்தவர் என்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்று எத்தனையோ பேர் சொந்தப் பெயரை மறைத்து வேறு பெயரில் வாழ்ந்தார்கள். ஒருவரையொருவர் 'மித்' என்று அழைக்கச் சொன்னார்கள், தோழர் என்று பொருள். அதுவும் மித்திரன் என்ற சொல்தான். நட்பைக் குறிக்கும் சொல்லை அப்படியும் பயன்படுத்த முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

போங்கின் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் திரும்பவில்லை. வீட்டில் இருந்த படங்கள், காகிதங்கள் எதுவும் மிஞ்சவில்லை. அம்மாவும் இவரும்தான் நடந்தே திரும்பி வந்தார்கள்.

போன வாரம் இங்கே பச்சும் பென். 'பென்' என்பது பிண்டம்தான், எழுத்தில் அப்படியேதான் எழுதுகிறார்கள். நம் மகாளய பட்சம் வருகிற அதே தேய்பிறை, அதே பதினைந்து நாள். விடியுமுன் விகாரைக்குப் போய்ச் சோற்று உருண்டைகளை இருட்டில் வீசுகிறார்கள், ஏழு தலைமுறை முன்னோருக்கு. போங் என்னையும் கூட்டிப் போனார். இறந்தவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பிக்குகளிடம் கொடுப்பது வழக்கம். அவர் தாளில் நான்கு பெயர். கடைசியில் அண்ணன்கள், அதற்கு மேலே அப்பா, எல்லாவற்றுக்கும் மேலே 'தா சொக்', அதாவது சொக் தாத்தா.

தாத்தாவைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் எந்த ஊர், என்ன வேலை செய்தார், எப்படி இருப்பார், எதுவும் தெரியாது. அம்மா சொல்லியிருந்தது ஒன்றுதான்: 'உன் அப்பாவின் அப்பா பெயர்தான் உன் பெயருக்கு முன்னால் இருக்கிறது.' பிக்கு அந்தப் பெயரை வாசித்தபோது போங் கூப்பிய கையை நெற்றிக்கு உயர்த்தினார். நானும் மனசுக்குள் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது, பதியட்டும். ஆனால் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று எங்கிருந்தோ ஒரு பெயரை எடுக்க வேண்டாம். சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம், அதை நம் பெரியவர்கள் கழற்றிப் போட்டதே பெரிய காரியம். மாப்பிள்ளையின் அப்பா பெயரோ உன் பெயரோ முழுசாக இருக்கட்டும். உன் பெயரை வைக்க மகள் ஆசைப்பட்டால் கூச்சப்பட்டுத் தடுக்காதே.

பொங்கலுக்குப் பத்து நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதி எழுதுகிறேன். தங்கச்சியிடம் சொல்லி எனக்கு மாவடு கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல். குழந்தையின் பெயர் முடிவானதும் உடனே எழுது. போங் தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
குமார்