படித்தால் மட்டும் சொல் வந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கல்வி இணைப்பிதழில் ஆங்கிலம் கற்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிறைய வாசித்தால் போதும், சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார் கட்டுரையாளர். வீட்டில் ஆங்கிலப் புத்தகம் புழங்குகிற பிள்ளைக்கு இது சரி. தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குச் சரிப்படாது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தை யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது நியூசிலாந்தின் மொழியியல் ஆய்வாளர் பால் நேஷனும் இன்னொருவரும் சேர்ந்து செய்த ஆய்வு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு ஒரு வரியிலேயே மூன்று நான்கு தெரியாது. ஊகித்துக்கொள் என்றால் எதை வைத்து ஊகிக்கும்? சொல்லைத் தேர்ந்தெடுத்து, நேரம் ஒதுக்கிச் சொல்லித்தரத்தான் வேண்டும்.

சொல்லித்தருவது என்றதும் பலருக்கு வேர்டு மீனிங் நோட்டுதான் ஞாபகம் வரும். பாடத்தோடு வரும் குளோசரியை, அதாவது அருஞ்சொற்பொருள் பட்டியலைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, ஒப்பிப்பது. பத்தாம் வகுப்பின் சினானிம், ஆன்டனிம் கேள்விகளுக்கு அது கைகொடுக்கும். அதற்கு மேல் உதவாது.

'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் சொல்வேன், வகுப்பே திருப்பிச் சொல்லும். கரும்பலகையில் அசை பிரித்து எழுதுவேன். அகராதிப் பொருளைச் சொல்லாமல், 'மனசே இல்லாம, இழுத்துக்கிட்டு ஒரு வேலைய செய்யறது' என்று தமிழிலேயே சொல்லிவிடுவேன். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று தலைமை ஆசிரியர்கள் சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அரை நிமிடத்தில் விளங்குவதை ஏன் பத்து நிமிடம் அபிநயம் பிடிக்க வேண்டும்? அப்புறம் கேள்விகள். திங்கட்கிழமை காலையில் யார் ரிலக்டன்ட்? பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டால் ரிலக்டன்டா? பிறகு ஆளுக்கொரு வாக்கியம். 'மை கோட் இஸ் ரிலக்டன்ட் டு கோ இன் தி ரெயின்' (மழையில் போக என் ஆட்டுக்கு மனசே இல்லை) என்றாள் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' வரும் என்பது அவளோடு சேர்த்து வகுப்புக்கே பதிந்துவிட்டது. மறுநாள் ஒரு முறை, வெள்ளிக்கிழமை ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை அதே சொல்லைக் கிளறிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், போர்ஷன் முடிக்கிற அவசரத்தில்.

இப்படி வாரத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் முடியாது. அதனால் எந்தப் பத்து என்பதுதான் முக்கியம். 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றால் என்னவென்று அறிவியல் ஆசிரியரே விளக்கிவிடுவார். 'அஸ்யூம்' (அப்படியென்று வைத்துக்கொள்), 'வேர்ஆஸ்' (ஆனால் இதுவோ), 'ரெஸ்பெக்டிவ்லி' (முறையே) போன்றவற்றை யாரும் விளக்குவதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. பொறியியல் கல்லூரிக்குப் போன என் மாணவர்கள் முதல் ஆண்டில் திணறியது பெரும்பாலும் இந்த வகைச் சொற்களில்தான். எல்லாப் பாடத்திலும் பொதுவாக வரும் இத்தகைய சொற்களை 570 சொற்குடும்பங்களாக (ஒரே சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்து 2000இல் வெளியிட்டார் மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட். அதற்கும் முன்னால், 1953இல், அன்றாட ஆங்கிலத்துக்குச் சுமார் 2,000 சொற்களைப் பட்டியலிட்டவர் மைக்கேல் வெஸ்ட். அவர் டாக்காவில் கல்வித்துறையில் இருந்து, வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் பார்த்தவர். பட்டியல்கள் கையில் இருக்கின்றன. நம் பாடநூலின் குளோசரியோ அந்தப் பாடத்தைத் தாண்டி எங்கும் எதிர்ப்படாத சொற்களுக்கே பாதி இடத்தைக் கொடுத்துவிடுகிறது.

நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதும் இல்லை. சார்ஜ், லேட், கன்ஃபார்ம், அட்ஜஸ்ட், டென்ஷன், ரிப்பேர் என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் பேச்சில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டத்தான் தெரியாது, சிலவற்றின் பயன்பாடு இங்கே மாறியும் இருக்கும். 'வண்டி ரிப்பேர்' என்கிற பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது பழுதை அல்ல, பழுது பார்ப்பதைக் குறிக்கும் என்று காட்டினால் போதும், பிடித்துக்கொள்ளும். ஆறாம் வகுப்பில் முதல் மாதம் முழுக்க நான் இந்தச் சொற்களை வைத்தே ஓட்டுவேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பிதழில் 'தினம் ஐந்து சொல்' என்று ஒரு பகுதி வருகிறது. சென்ற வாரம் அதில் வந்தவற்றில் பாதி நானே எங்கும் பயன்படுத்தாதவை. ஒரு முறை வந்த சொல் திரும்ப வருவதும் இல்லை. எண்ணிக்கையைக் குறைத்து, பாடப்புத்தகங்களில் அடிக்கடி வருகிற சொற்களாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரே மாதத்தில் நான்கைந்து முறை வெவ்வேறு வாக்கியங்களில் போடுங்கள். சனிக்கிழமை இதழில் அந்த வாரச் சொற்களை வைத்துப் பிள்ளைகளே எழுதி அனுப்பும் வாக்கியங்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை (ஆங்கிலம்),
விருத்தாசலம்.