குஞ்சப்பனைச் சாலையில் அன்று நின்றவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், அண்ணன்மார் தம்பிமார் எல்லாருக்கும்,

வணக்கம். பெயரும் வீடும் தெரிந்தவர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டேன். தெரியாதவர்கள்தான் பாக்கி. உங்களில் பலருக்கு என் முகமே ஞாபகம் இருக்காது. அந்த விபத்துக்கு அப்புறம் ஒரு பலா சீசன் வந்து போய், அடுத்ததும் முடியப்போகிறது. இன்னும் தள்ளிப்போட்டால் நன்றாக இருக்காது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரமடையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான். வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில், மேலிருந்து இறங்கிய சுற்றுலா வேன் பிரேக் பிடிக்காமல் எங்கள் பக்கமே வந்துவிட்டது. மலையில் இறங்கும்போது இரண்டாவது கியரில், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கவேண்டும். பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. மலைக்காரர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும்; கீழேயிருந்து வருகிறவர்களுக்கு யாராவது சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது. வேனைப் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டுக்காரருக்குக் காறை எலும்பு முறிந்தது, அது சீக்கிரமே கூடிவிட்டது. எனக்குத்தான் பலமான அடி. பிரேக்கை முழுசாக அழுத்தியிருந்த வலது கால், முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, தொடை எலும்பு பின்பக்கமாகத் தள்ளப்பட்டு இடுப்பிலிருந்து கழன்றுவிட்டது. தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணமும் உடைந்துபோனது. அதெல்லாம் டாக்டர் பிற்பாடு படம் போட்டுக் காட்டித் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கால் என்னுடையது மாதிரியே இல்லை என்பதுதான். குட்டையாகி, முட்டி உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "பெட்ரோல் வாசன அடிக்குது, இழுங்கப்பா வெளிய" என்று ஒருவர் என் கக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டார். அப்போதுதான், சாலையோரத்தில் பலாச்சுளை விற்கும் அக்கா, நீங்கள் வந்தீர்கள்.

"யாரும் இழுக்காதீங்க. காலு திரும்பிக் கெடக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

அந்த ஒரு அதட்டலில் கக்கத்திலிருந்த கை விலகியது. நீங்கள் இடதுபக்கப் பின்கதவு வழியாக ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டீர்கள். சுளை எடுத்துக்கொண்டிருந்த கை, பலாப்பால் காய்ந்துகூட இல்லை. அது என் முடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சிஸ்டர் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி, சீப்பால் வாரிவாரி எடுத்தார். "எங்கே போய் இவ்வளவு பிசின் அப்பிக்கிட்டு வந்தீங்க டீச்சர்?" என்று கேட்டார். சொன்னதும் அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உங்களைத் தேடி வந்தேன் அக்கா. நான் நடக்க ஆரம்பித்து அந்தப் பக்கம் வந்தபோது உங்கள் இடத்தில் வேறு ஒருவர் கடை போட்டிருந்தார். நீங்கள் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். திரும்பி வந்ததும் யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது யார் யார் என்று படுத்திருந்த மாதங்களில் எண்ணி எண்ணிப் பார்த்தேன். நிறைய பேர் ஓடி வந்தார்கள், அது உண்மை. ஆனால் என் கால் இந்த அளவுக்காவது மிஞ்சியது, அவசரப்படாமல் நின்றவர்களால்தான்.

கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் அண்ணன் அப்படிப்பட்டவர். அவர் எங்களிடம் ஓடிவரவில்லை. முதலில் லாரியை வளைவுக்கு மேலேயே குறுக்காக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். இல்லாவிட்டால் பின்னால் இறங்கி வந்த வண்டிகள் எங்கள் மேலேயே விழுந்திருக்கும். அதற்கப்புறம்தான் கடப்பாறையோடு வந்தார். மடங்கிப்போன கதவை ஒரே நெம்பாக நெம்பாமல், துணியை மடித்து என் பக்கம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். ஒவ்வொரு தடவையும் "வலிக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த நெம்பு.

இருட்டத் தொடங்கிவிட்டது. பலா பழுக்கும் காலத்தில் அங்கே யானை இறங்கும் என்பது ஊரறிந்த விஷயம். மேல் சரிவில் கிளை ஒடியும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, டூரிஸ்ட்காரர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். வனத்துறைக் காவலர் ஒருவர் டார்ச்சோடு வண்டி வண்டியாகப் போய், "ஹாரன் அடிக்காதீங்க, லைட்டைக் குறைங்க" என்று சொல்லி அடக்கினார். எனக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவரையும் அவர்தான் தடுத்தார்: "ஆப்பரேஷன் பண்ண வேண்டி வரும், வாயை மட்டும் நனைங்க." அவர் மேல் எனக்கு அந்த நிமிஷத்தில் எவ்வளவு கோபம் என்று சொல்லி முடியாது. ஐயா, அந்தக் கோபத்தை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்த நாலைந்து பேருக்கு இந்த மடலில் இடமில்லை.

108 வந்தது. அந்த டெக்னீஷியன் தம்பிக்கு என் மாணவர்கள் வயதைவிடச் சற்றுக் கூட இருக்கும். காலை நீட்டி நேராக்கிப் படுக்கவைக்கச் சொல்லிச் சுற்றிலும் யோசனை வந்துகொண்டிருந்தது. அவர் யாருக்கும் பதில் சொல்லாமல், கால் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் முட்டிக்கு அடியில் தலையணையும் கம்பளியும் அண்டக்கொடுத்துக் கட்டினார். பைலட் அண்ணன் மலைவளைவுகளில் பால் குடத்தைத் தூக்கிப்போகிறவர் மாதிரி ஓட்டினார். மேட்டுப்பாளையத்தில் ஊசி, டிரிப்ஸ், எக்ஸ்ரே. அப்புறம் சமவெளி ரோட்டில் பறந்தது வண்டி.

வேகம் வேண்டிய இடத்தில் வேகமும் இருந்தது. கழன்ற இடுப்பை எவ்வளவு சீக்கிரம் திரும்பப் பொருத்துகிறார்களோ அவ்வளவு நல்லது, மணிக்கணக்கில் தள்ளிப்போனால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பே செத்துப்போகலாம் என்று பிறகு சொன்னார்கள். கோவை அரசு மருத்துவமனையில் அந்த ராத்திரியே மயக்கம் கொடுத்து எலும்பைக் கிண்ணத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். பணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர், எந்த மாநிலம் என்ற பேச்சே இல்லை. வேனில் வந்து அடிபட்ட வெளிமாநிலத்துக்காரர்களுக்கும் அதே வார்டு, அதே கவனிப்பு.

உடைந்த கிண்ணத்துக்குப் பிளேட்டும் திருகும் வைக்கும் பெரிய ஆப்பரேஷன் வேறொரு நாள் நடந்தது. என் ரத்தம் ஓ நெகட்டிவ். இந்த வகைக்காரர்கள் எல்லாருக்கும் கொடுக்கலாம், வாங்குவதென்றால் தங்கள் வகையைத் தவிர வேறெதையும் வாங்கமுடியாது. கோத்தகிரியிலிருந்து கடைசி பஸ்ஸில் இறங்கி வந்து கொடுத்துவிட்டு, ராத்திரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து முதல் பஸ்ஸில் மலையேறிய பையன்களே, உங்களில் ஒருவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் பிரம்படி வாங்கியவன் என்று கேள்விப்பட்டேன். யாரென்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவனுக்குத் தனியாக ஒரு நன்றி.

இனி மிஞ்சியிருப்பது பற்றி. எலும்பு பின்னால் தள்ளியபோது அங்கே ஓடும் பெரிய நரம்பு நசுங்கிவிட்டது. அதனால் வலது பாதம் மேலே தூக்காது. நடந்தால் முன்பாதம் தரையில் இழுபடும். பாதத்தின் மேல்பக்கம் உணர்ச்சியும் குறைவு. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்திருக்கிறேன். பின்னாலேயே ஒரு குழந்தை அதை எடுத்துக்கொண்டு வரும். இப்போது ஷூவுக்குள், பாதம் தொங்காமல் தாங்க, ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட். குதிகால் தசைநார் இறுகிவிடாமல் இருக்க, காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் துண்டைச் சுற்றித் தன் பக்கம் இழுக்கவேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அதைச் சொல்லிக்கொடுத்த பிசியோ தங்கச்சி, நான் அழுதபோதெல்லாம் "அழுது முடிச்சிட்டு இழுங்க டீச்சர், நான் இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்ளும். வரிசையில் இன்னும் எத்தனை பேர் நின்றாலும் கடிகாரத்தைப் பார்க்காது.

செத்த நரம்பு மறுபடி வளருமா என்று கேட்டதற்கு, வளர்ந்தால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்றார் டாக்டர். நான் கணக்கு டீச்சர். பள்ளிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கரும்பலகையில் போட்டேன். இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே உள்ள தசை வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், எத்தனை நாள்? 500 என்று பத்துக் கை உயர்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குட்டி எழுந்து, "ஞாயித்துக்கிழமையும் வளருமா டீச்சர்?" என்று கேட்டாளே, அன்றைக்குத்தான் விபத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். கணக்கு போட்டபடி வரவில்லை. பாதம் இப்போது கொஞ்சம் எழும்புகிறது. கட்டைவிரல் எழும்பவே இல்லை. இடுப்பு மூட்டையும் ஒருநாள் மாற்றவேண்டி வரலாம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். உறைபனிக் காலத்தில் உள்ளே இருக்கும் இரும்பு காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். கார் ஓட்டுவது நின்றுபோனது. எல்லாவற்றிலும் அதுதான் எனக்குப் பெரிய குறை, மறைக்க மாட்டேன்.

தலைமையாசிரியர் அம்மா என் வகுப்புகளை மாடியிலிருந்து கீழே மாற்றிவிட்டார். அதற்காக ஒன்பதாம் வகுப்பு முழுக்க மேலே போனது, ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கவில்லை. மினி பஸ் கண்டக்டர் தம்பி, நான் உட்கார்ந்து கைத்தடியை மடக்கி வைக்கும் வரை விசில் ஊதுவதில்லை. "எவ்ளோ நேரம்" என்று முனகினவரிடம் "இறங்கி நடந்தா இன்னும் லேட்டாகும்ணே" என்றது காதில் விழுந்தது.

எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க எல்லாம் படிதான். ஐப்பசி மழை தொடங்கினால் படியில் பச்சைப் பாசி ஏறிவிடும், நல்ல காலுக்கே வழுக்கும். படகர் ஊரான ஹட்டியைச் சேர்ந்த எதிர்வீட்டுப் பெரியவர் பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமுமாக ஒவ்வொரு வாரமும் அதைத் தேய்த்துக் கழுவுகிறார். வயது எழுபதைத் தாண்டியவர். நான் பார்த்துவிட்டால் சங்கடப்படுவேன் என்று, பள்ளிக்குப் போன பிறகுதான் செய்வார். தாத்தா, துடைப்பம் தேய்ந்திருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்.

ஆப்பரேஷன் வேண்டாம், எண்ணெய்க்கட்டுப் போட்டால் மூன்று வாரத்தில் ஓடலாம் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பஞ்சாயத்து வைத்த சொந்தக்காரர்களுக்கும், பிரியத்தில் சொன்னீர்கள் என்பதற்காக, ஒரு வணக்கம்.

கடைசியாக, கேரட் லாரி அண்ணனுக்கு. ஆம்புலன்ஸ் கதவு சாத்துவதற்குள் நீங்கள் லாரியை எடுத்துவிட்டீர்கள். போலீஸ், சாட்சி, கோர்ட் என்று இழுப்பார்களோ என்று பயந்துதான் போயிருப்பீர்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அந்தப் பயம் இனி வேண்டாம் அண்ணா. அடிபட்டவரைக் காப்பாற்ற வந்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2016-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவும் சேர்த்துவிட்டார்கள். பெயரைச் சொல்லவேண்டும் என்றுகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. என்னிடமும் சொல்லவேண்டாம். கோத்தகிரி மார்க்கெட்டுக்கு லோடு ஏற்ற வருகிறபோது, கணக்கு டீச்சர் வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சௌகரியம். மற்ற நாட்களில் பள்ளி விட்டு பிசியோவுக்குப் போய்விட்டு வர இருட்டிவிடும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
கோத்தகிரி கணக்கு டீச்சர்