சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலையை விட்டுக் காட்டுப்பாதையில் ஓடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷூ, மூச்சு, முழங்கால் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஓடுகிறவர்களால் அந்தப் பாதைக்கு என்ன ஆகிறது என்று ஒரு வரிகூட இல்லை. இயற்கைப் பூங்கா ஒன்றில் மரங்களுக்கு நடுவே போகும் வட்டப்பாதையில் பல வருடங்களாக ஓடுகிறேன். அங்கே கண்ணெதிரே நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். பாதையின் நடுவில் ஒரு சேற்றுக்குழி இருக்கும். வருகிறவர்கள் ஷூ நனையக்கூடாது என்று ஓரமாக ஒதுங்குவார்கள். ஓரத்துச் செடிகள் மிதிபட்டு, அந்த இடமும் சேறாகும். அடுத்து வருகிறவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒற்றையடிப் பாதை வண்டித்தடம் அளவுக்கு அகலமாகிவிடுகிறது.

அகலமானால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான மரங்களுக்கு நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மிஞ்சிப்போனால் 30, 40 சென்டிமீட்டர் ஆழம். மிதிக்க மிதிக்க மண் இறுகி, அதற்குள் இருந்த காற்றிடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. பிறகு மழைநீர் உள்ளே இறங்காது. பாதை வழியாகவே ஓடி மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். வேர்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த வேர்களில் தடுக்கி விழுகிறவர்களும் நாம்தான்.

ஆகவே, சேற்றின் நடுவிலேயே ஓடுங்கள். ஷூ காய்ந்துவிடும். எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே பதியும்படி வையுங்கள். கைகளைச் சற்று அகட்டிக்கொண்டால் நிலை தடுமாறாது. பார்வை காலடியில் இருக்க வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். ஈர வேரின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள், தாண்டிவிடுங்கள். பாதை முழுக்கவே கொழகொழவென்று இருந்தால் அன்று ஒருநாள் சாலையில் ஓடிவிட்டுப் போகலாம், தப்பில்லை.

வளைவுகளில் குறுக்கே புகுந்து போவது இதைவிடக் கொடுமை. சரிவில் பாதையை வளைத்து வளைத்துப் போட்டிருப்பது ஏறுகிறவர்களின் வசதிக்காக மட்டும் இல்லை, தண்ணீரின் வேகம் குறைவதற்காகவும்தான். நேராகக் குறுக்குவழி விழுந்துவிட்டால் அடுத்த மழைக்கு அது வாய்க்காலாகிவிடும்.

இந்தக் குறுக்குவழிகளுக்குப் பாதிக் காரணம் கையில் கட்டியிருக்கும் வாட்ச் என்றே நினைக்கிறேன். வட்டப்பாதை என்றாலே நேற்றைவிடப் பத்து விநாடி குறைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. அடர்ந்த மரங்களின் கீழ் ஜிபிஎஸ் சிக்னல் சரியாகக் கிடைக்காது; ஒரே வட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தூரம் காட்டும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன போட்டி? உலகத் தடகள அமைப்பு 2015-ல் காட்டுப்பாதை ஓட்டத்தைத் தடகளத்தில் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. அப்படியும் மாரத்தானைப் போல இதற்கு உலக சாதனை நேரம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் எந்த இரண்டு பாதையும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடங்கள். பெரிய பந்தயக்காரர்களே செங்குத்தான ஏற்றங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

அப்புறம், ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைப் பூங்காவுக்குள் நுழையும் முன் தட்டிவிடுங்கள். வேறு இடத்துக் களைவிதைகள் அந்த மண்ணோடுதான் உள்ளே வருகின்றன. விலங்குகளும் பறவைகளும் நடமாடும் அதிகாலையிலும் அந்தியிலும் சத்தம் வேண்டாம். நடந்து போகிறவர்களின் பின்னால் வரும்போது தூரத்திலேயே குரல் கொடுத்து, வேகத்தைக் குறையுங்கள்.

பூங்கா நிர்வாகங்களுக்கும் ஒரு கோரிக்கை. சேற்றைப் பற்றிப் புகார் வந்ததும் முழுப் பாதைக்கும் சிமென்ட் போட்டுவிட வேண்டாம். தண்ணீர் தேங்குகிற இடம் எது என்று பார்த்து, அங்கே மட்டும் குறுக்கே சாய்வாக ஒரு சிறு வடிகால் வெட்டிக் கற்களைப் பதித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைப் பற்றி விவரமாக ஒரு கட்டுரை உங்கள் இதழிலேயே வந்தால் பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்