கடைசிப் பத்துக் கல்

அன்பு மகளுக்கு,

பாதையோரம் பதிக்கச் செங்கல் அறுக்கும் மிஷின் வாங்கிவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

மிஷினை வெளியில் வை. நாலு காலும் தரையில் பதிந்திருக்கிறதா என்று உலுக்கிப் பார். பிளேடு மாட்டி முடிக்கும்வரை பிளக்கைத் தொடாதே. பிளேடில் உள்ள அம்புக்குறியும் மோட்டார் சுற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நட்டை இறுக்கியதும் கையால் ஒரு சுற்று விட்டுப் பார். நெளிந்தால் வாஷருக்கு அடியில் மண் ஒட்டியிருக்கும்; கழற்றித் துடைத்து மாட்டு. செங்கலுக்கு ஓரம் விட்டு விட்டு வெட்டியிருக்கும் வைரப் பிளேடுதான் சரி.

தண்ணீரும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேலை இது. கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டிவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டும் செருகு. முதலில் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார். ஒயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனி சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ சின்னவளாக இருந்தபோது ஒருநாள் நான் வேலை முடிந்து வந்ததும் ஓடிவந்து என் முகத்தைத் துடைத்தாய். உன் உள்ளங்கை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அன்று பிளேடுக்குத் தண்ணீர் விடும் பம்பு சேறு அடைத்து நின்றுபோனது. இன்னும் பத்துக் கல்தானே என்று தண்ணீர் இல்லாமலேயே அறுத்துவிட்டேன். மூன்று நாள் சளி சிவப்பாக வந்தது. வருஷக்கணக்கில் அப்படியே அறுத்த ஒருவர் என்னோடு வேலை பார்த்தார்; பிறகு நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். செங்கல் அறுக்கும்போது பறக்கும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அது புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே சொல்லிவிட்டது. கண்ணு, தண்ணீர் நின்றால் மிஷினை நிறுத்து. ஒரு கல்தான் பாக்கி என்றாலும் நிறுத்து.

பம்பு தண்ணீரில் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். பிளேடின் இரண்டு பக்கமும் தண்ணீர் படுகிறதா என்று பார். தண்ணீர் குழம்பாகிவிட்டால் மாற்று. அந்தச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதே, அடைத்துக்கொள்ளும். காய விட்டுப் பெருக்கவும் கூடாது, காய்ந்தால் அதே தூள்தான். ஈரமாக இருக்கும்போதே வழித்தெடு.

என்95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் போட்டுக்கொள். தொளதொளச் சட்டையும் தளர்ந்த கையுறையும் வேண்டாம். முடியை இழுத்துக் கட்டு. கல்லை அழுத்தித் தள்ளாதே. மோட்டார் சத்தம் இறங்கினால் நீ அவசரப்படுகிறாய் என்று அர்த்தம். வெட்டு அடிவரை எட்டாவிட்டால் கல்லைத் திருப்பிப் போட்டு அறு. பிளேடு அறுக்காமல் வழுக்கினால், சொரசொரப்பான சிமெண்ட் கல்லில் இரண்டு வெட்டு விடு, வைரம் மறுபடி வெளியே வரும்.

முதல் கல்லை அறுத்ததும் வெட்டுமுகத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஓரம் பிய்ந்திருந்தால் எதனால் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா