பெயர் கேட்காமல் விட்ட சிஸ்டருக்கு

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு கிளினிக்கின் மனநலப் பிரிவில் இருந்த சிஸ்டருக்கு இந்த நன்றி.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன், 19 வயது, மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். கை நடுக்கம், வாந்தி. பதற்றம் என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள். ‘சாமி வரும்’ என்றதை மாயக்குரல் என்றும் குறித்தார்கள்.

யாரும் கேட்காமலே நீங்கள் அவன் அம்மாவை வெளியே உட்கார வைத்து, காவடி விரதத்தில் உப்பு உண்டா, தண்ணீர் எவ்வளவு என்று அவனிடமே கேட்டீர்கள். ‘காவடி’யை உங்கள் ஜூலு நாக்கு சற்றே இழுத்தது. உப்பும் தண்ணீரும் திடீரெனக் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும்; டர்பன் கோடை வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் ஆனதா என்று சரிபார்த்து ரத்தம் எடுத்தீர்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டியிருந்தது. டாக்டரை வரவழைத்து, மாத்திரையை நிறுத்த வைத்தீர்கள்.

சாமி வருவது கோயிலில் மட்டுமா, தனியாக இருக்கும்போதுமா என்றும் விசாரித்து, அந்தக் குறிப்பைத் திருத்தினீர்கள். (இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.)

இப்போது விரதத்துக்குப் பெயர் கொடுப்பவர்களிடம், மாத்திரை உண்டா என்று கோயிலில் தனியாகக் கேட்கிறோம். உங்கள் கண்ணில் இது படட்டும், சிஸ்டர்.